ஒரே படத்தைக் கொண்டு ஒரு மொழியைக் கற்பது எப்படி

பிறமொழிப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில், திரையின் அடியில் ஓடும் வரிகளை நம்பியிராமல் பாத்திரங்கள் பேசுவதைத் தம் காதாலேயே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. அது நிறைவேறக்கூடிய ஆசைதான். ஆனால் அம்மொழியின் நூறு படங்களை ஒவ்வொன்றும் ஒரு முறை வீதம் பார்ப்பதால் அது நிறைவேறுவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு மொழியின் படங்களில் மூழ்கியிருந்தும் அந்த மொழியில் நான்கு வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் பேச முடியாதவர்கள் ஏராளம். அவர்களுடைய கவனம் முழுவதும் கதையிலேயே இருந்துவிட்டது. மொழி ஒரு பின்னணி ஓசையாகக் கடந்துபோய்விட்டது.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சிறு காட்சிகளாகப் பிரித்து, அந்தக் காட்சிகள் மனப்பாடமாகும் அளவுக்குக் கேட்டு, பாத்திரங்களோடு சேர்ந்து பேசிப் பழகுவதுதான் நான் உறுதியாகப் பரிந்துரைக்கும் வழி. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன். இந்த முறை எந்த மொழிக்கும் பொருந்தும். சில மொழிகளுக்கு மட்டும் தேவைப்படும் சிறு மாற்றங்களை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடங்குவதற்கு முன்

திரைப்படம் ஒரு மொழியின் முதல் பாடமாக இருக்க முடியாது. எதுவுமே தெரியாத மொழியில் படம் பார்த்தால் காதில் விழுவது இடைவெளியற்ற ஒலிப்பெருக்கு மட்டுமே. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதுகூடப் பிடிபடாது. ஆகவே ஏதாவது ஒரு தொடக்கநிலைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, முந்நூறு நானூறு அன்றாடச் சொற்களையும், இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்மறை, கேள்வி ஆகிய நான்கு அடிப்படை அமைப்புகளையும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் இலக்கணத்தில் காத்திருக்கத் தேவையில்லை. மீதியைப் படம் பார்க்கையில் ஐயம் எழும்போது புத்தகத்தில் தேடிக்கொள்ளலாம், அப்போது அது மனத்தில் நன்றாகப் பதியும்.

ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற இரு மொழியியலாளர்கள் 318 ஆங்கிலத் திரைப்படங்களின் உரையாடல்களை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெயர்ச்சொற்களான ஆட்பெயர், ஊர்ப்பெயர் போன்றவற்றோடு மிக அதிகமாகப் புழங்கும் ஏறத்தாழ 3,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருந்தால், படங்களில் பேசப்படும் சொற்களில் சுமார் 95 விழுக்காடு தெரிந்தவையாக இருக்கும் என்பது அவர்களது முடிவு. சொற்குடும்பம் என்றால் ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது. மூவாயிரம் என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். அது எந்தப் படத்தைப் போட்டாலும் புரிந்துகொள்வதற்கான அளவு. ஒரு தனிப் படத்துக்குள் வரும் வெவ்வேறு சொற்கள் அதைவிடக் குறைவானவை. அதில் பேசப்படுவதில் பெரும்பகுதியும் திரும்பத் திரும்ப வரும் சொற்களே. ஒரே படத்தோடு தங்கியிருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

அம்மொழியின் எழுத்துகளையும் முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள். கொரிய எழுத்துமுறையின் அடிப்படை எழுத்துகள் 14 மெய்களும் 10 உயிர்களுமே. சில நாட்களில் படிக்கத் தொடங்கிவிடலாம். ஜப்பானிய மொழியின் இரு அசையெழுத்து வரிசைகளிலும் அடிப்படையாக 46 எழுத்துகள் வீதம் உள்ளன. எழுத்தைக் கற்கச் சோம்பல்பட்டுப் பிறமொழி வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் பெரும் கேடு விளைவிக்கும். இந்தியில் வெவ்வேறு பொருள் தரும் நான்கு ககரங்களையும் தமிழில் ஒரே எழுத்தால்தான் எழுத முடியும். எழுதியதைப் பார்த்துப் படிக்கும்போது நான்கும் ஒரே ஒலியாகி, நாளடைவில் காதும் அந்த வேறுபாட்டைக் கேட்பதை விட்டுவிடும்.

எந்தப் படம்

இந்த முறையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது படத்தேர்வு. எனவே இதற்குச் சில மாலைப்பொழுதுகளைச் செலவிட்டாலும் தவறில்லை.

சமகாலத்தில் நடக்கும், குடும்பத்தையோ நட்பையோ காதலையோ மையமாகக் கொண்ட, பேச்சு மிகுந்த படமாக அது இருக்கட்டும். சண்டைப் படங்களில் பேச்சு குறைவு, பேசும் இடத்திலும் இரைச்சல் அதிகம். சரித்திரப் படங்களிலும் புராணப் படங்களிலும் இன்று யாரும் பேசாத நடை இருக்கும். நீதிமன்றம், மருத்துவமனை, காவல்துறை ஆகியவற்றைச் சுற்றிச் சுழலும் படங்களில் துறைச்சொற்கள் குவிந்திருக்கும். அவற்றைக் கற்று முடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். இரண்டு மூன்று பாத்திரங்கள் நெடுநேரம் ஒருவரோடு ஒருவர் பேசும் படம் கிடைத்தால் அதுவே சிறந்தது, ஏனெனில் ஒரே குரலைப் பலமணி நேரம் கேட்கும்போது காது அக்குரலின் போக்குக்கு விரைவில் பழகிக்கொள்கிறது. நூறு நிமிடங்களுக்குள் முடியும் படம் போதும்.

இவை அனைத்தையும்விட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. அந்தப் படம் உங்களுக்கு உண்மையாகவே பிடித்திருக்க வேண்டும். பிறர் உயர்வாகச் சொல்கிறார்கள் என்பதற்காகவோ விருது பெற்றது என்பதற்காகவோ ஒரு படத்தை எடுத்துக்கொண்டால், ஐந்தாம் முறை பார்க்கும்போது அதன் முதல் காட்சியே சலிப்பூட்டும். மாறாக, சில பாத்திரங்களின் வாழ்க்கையோடு நமக்கு ஏதோ ஓர் உறவு ஏற்பட்டுவிட்ட படத்தில், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அறிவதை மட்டுமல்ல, எந்தச் சொற்களால் சொன்னார்கள் என்று அறிவதையும் மனம் தானாகவே விரும்பும். மொழி கற்பதில் இந்த விருப்பத்துக்கு ஈடான ஆசிரியர் இல்லை என்றே நான் நம்புகிறேன்.

படம் அந்த மொழியிலேயே எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். டப்பிங் செய்யப்பட்ட படத்தில் வசனங்கள் நடிகரின் உதட்டசைவுக்கு ஏற்ப நீட்டியும் குறுக்கியும் அமைக்கப்பட்டவை. இயல்பான பேச்சின் தாளம் அங்கே குலைந்திருக்கும். மேலும் ஓடிடி தளங்களில் டப்பிங் வசனமும் சப்டைட்டிலும் பெரும்பாலும் தனித்தனியாக மொழிபெயர்க்கப்படுவதால், காதில் விழுவது ஒன்றாகவும் கண்ணில் படுவது இன்னொன்றாகவும் இருக்கும். கற்பவருக்கு இதைவிடக் குழப்பம் வேறில்லை. பேசும்படங்கள் வந்த புதிதில் டப்பிங் நுட்பம் இன்னும் தேறாததால், 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், ஒரே கதையை ஒரே அரங்கத்தில் வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு பல மொழிகளில் தனித்தனியே படமாக்கியிருக்கிறார்கள். பாரிசுக்கு அருகிலுள்ள ழுவான்வீல் என்ற இடத்தில் பாரமவுண்ட் நிறுவனம் அதற்கென்றே ஒரு படப்பிடிப்புத் தளத்தை நடத்தியது. செலவு தாங்காமல் அம்முறை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டு, டப்பிங்கும் சப்டைட்டிலும் நிலைபெற்றன.

சப்டைட்டிலைக் கையாளும் விதம்

சப்டைட்டில் என்பதைப் பலரும் ஒரே பொருளாகக் கருதுகிறார்கள். கற்பவர் அதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: நமக்கு நன்கு தெரிந்த மொழியில் வரும் வரிகள், படம் பேசும் அதே மொழியில் வரும் வரிகள், வரிகளே இல்லாத திரை. இந்த மூன்றையும் எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதில்தான் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த மொழியின் வரிகள் கதையைப் புரியவைக்கும், ஆனால் காதை மந்தப்படுத்தும். எழுத்து திரையில் தோன்றினால் கண் அதை நோக்கி ஓடுவதைத் தடுக்க முடியாது; பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கேரி தீதவால் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் கண்ணசைவுகளை அளந்து நடத்திய ஆய்வுகள், பேசப்படும் மொழி நன்றாகத் தெரிந்தவர்கள்கூடச் சப்டைட்டில் இருந்தால் அதை வாசிக்கவே செய்கிறார்கள் என்பதைக் காட்டின. 2009ஆம் ஆண்டில் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதைவிட நேரடியானது. ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளுக்குப் பழக்கமில்லாத டச்சுக்காரர்களுக்கு அந்த உச்சரிப்பில் பேசும் ஆங்கிலக் காணொளிகளைக் காட்டி, பின்னர் அதே உச்சரிப்பில் ஒலிக்கும் புதிய துண்டுகளைக் கேட்டுத் திரும்பச் சொல்லச் செய்தார்கள். ஆங்கில வரிகளோடு பார்த்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். டச்சு வரிகளோடு பார்த்தவர்களின் திறன் குறைந்திருந்தது. எந்தச் சொல் ஒலிக்கிறது என்று கண் காட்டிக்கொடுத்தால் காது அதைப் பிடித்துக்கொள்கிறது. வேறு மொழிச் சொல்லைக் காட்டினால் அது இடையூறாகிவிடுகிறது.

ஆகவே தெரிந்த மொழியின் வரிகளை ஒரே ஒரு முறை, முழுப் படத்தையும் முதன்முதலாகப் பார்க்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மொழியைப் பற்றிக் கவலைப்படாமல் கதையில் ஈடுபடலாம். அந்தப் பார்வை முடிந்ததும் அந்த வரிகளை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள்.

அந்த ஒரு முறைக்கு ஆங்கில வரிகளைவிடத் தமிழ் வரிகள் கிடைத்தால் அவற்றையே தேர்ந்தெடுங்கள். பிரெஞ்சு, ஜெர்மன், இந்தி, வங்கம் போன்ற மொழிகளில் முன்னிலையில் இருப்பவரை மரியாதையாக அழைக்கும் வடிவமும் நெருக்கமாக அழைக்கும் வடிவமும் வெவ்வேறு. இரண்டு பாத்திரங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நொடி, பல படங்களில் கதையின் திருப்பமே ஆகும். ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லாததால், ஆங்கில வரிகளை மட்டும் படிப்பவர் அங்கே ஏதோ நடந்தது என்பதையே அறியாமல் கடந்துவிடுவார். தமிழிலோ 'நீங்கள்' 'நீ' ஆனவுடன் அது விளங்கிவிடும். சொல்வரிசையிலும் ஜப்பானிய, கொரிய, துருக்கி, இந்தி மொழிகள் தமிழைப் போலவே வினையை இறுதியில் வைப்பவை; பாத்திரம் எதைக் கடைசிவரை மறைத்து வைத்துச் சொல்கிறதோ, அதைத் தமிழ் வரியும் கடைசியிலேயே சொல்ல முடியும்.

அதன்பிறகு பயன்படுத்த வேண்டியவை படம் பேசும் மொழியிலேயே வரும் வரிகள். இவற்றிலும் காது கேளாதோருக்காகத் தயாரிக்கப்பட்டவை கிடைத்தால் அவற்றைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அவை பேச்சை ஏறத்தாழ அப்படியே எழுதிக்காட்டுபவை. சாதாரணச் சப்டைட்டில்கள் இட நெருக்கடியில் எழுதப்படுகின்றன. திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் இடம் இல்லை. ரோமன் எழுத்து மொழிகளில் ஒரு வரிக்குச் சுமார் 42 எழுத்துகள் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. பாத்திரம் வேகமாகப் பேசினால், வாசிக்க நேரம் வேண்டுமே என்று எழுதுபவர் வசனத்தைச் சுருக்கிவிடுவார். எனவே எழுத்தில் இல்லாத சொல் காதில் விழுந்தால் உங்கள் காதை நம்புங்கள்.

எல்லா மொழிகளுக்கும் இந்த வசதி கிடைப்பதில்லை. பல இந்தியமொழிப் படங்களுக்கு ஆங்கில வரிகள் இருக்கும், அந்தந்த மொழியின் வரிகள் இருக்காது. கான்டனீஸ் பேசும் படங்களில் சீன எழுத்து வரிகள் இருந்தாலும் அவை பொதுவாக எழுத்துவழக்குச் சீனத்தில் அமைந்தவை, பேச்சோடு பொருந்தமாட்டா. இத்தகைய மொழிகளைக் கற்பவர்கள், கீழே சொல்லப்போகும் பயிற்சிக்குரிய காட்சிகளின் வசனங்களை அம்மொழி பேசும் ஒருவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதே நம்பகமான வழி. பத்து நிமிட உரையாடலை எழுதித்தரத் தாய்மொழியாளர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு முன்வருவார்கள், அந்த உதவியே ஒரு நட்பின் தொடக்கமாகவும் அமையலாம். கணினி தானாக உருவாக்கும் வரிகளை மட்டும் நம்பிக் கற்க வேண்டாம். வட்டாரப் பேச்சிலும் இசை கலந்த காட்சிகளிலும் அவை தவறான சொற்களைத் தயக்கமின்றிக் காட்டும்.

ஒரு காட்சியோடு வேலை செய்வது

முழுப் படத்தையும் பார்த்து முடித்தபின், அதிலிருந்து இரண்டு மூன்று நிமிட நீளமுள்ள பத்துப் பன்னிரண்டு காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். இருவர் மட்டும் பேசும் காட்சிகளாக அவை இருப்பது நல்லது. பாத்திரங்கள் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுப் பேசும் விருந்துக் காட்சிகளையும் கூட்டக் காட்சிகளையும் கடைசிக்கு ஒத்திவையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு காட்சிக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒரே காட்சிக்கு இரண்டு மூன்று நாட்கள் தேவைப்பட்டாலும் அது இயல்பே.

முதலில் வரிகள் இல்லாமல் காட்சியைக் கேளுங்கள், ஹெட்போன் அணிந்து கேட்பது மிகுந்த பயன் தரும். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் பாத்திரங்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதில் ஐயம் இருக்காது. எந்தச் சொற்கள் பிடிபடுகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். பொருள் முழுவதும் தெரியாத பேச்சைத் தொடர்ந்து கேட்டு ரசிப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. தமிழின் முதல் பேசும்படம் என்று குறிப்பிடப்படும், 1931ஆம் ஆண்டில் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினார்கள். அந்தப் படத்தைத்தான் பார்வையாளர்கள் திரளாகச் சென்று பார்த்தார்கள். முகமும் குரலின் ஏற்ற இறக்கமும் சூழலும் சேர்ந்து எவ்வளவோ பொருளைத் தந்துவிடுகின்றன.

அடுத்து, வசனம் வசனமாக நிறுத்தி, கேட்டதை அம்மொழி எழுத்தில் எழுதுங்கள். பிடிபடாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். ஒரு வசனத்தை நான்கைந்து முறைக்கு மேல் திரும்பக் கேட்பதால் பெரும்பாலும் பயனில்லை. எழுதி முடித்தபின் அம்மொழி வரிகளை இயக்கி, நீங்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீடுதான் முழுப் பயிற்சியிலும் உயிரான பகுதி. கோடு போட்ட இடங்களில் இருந்தவை பெரும்பாலும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எளிய சொற்களாகவே இருப்பதைக் காண்பீர்கள். அவை பேச்சில் உருமாறியிருந்தன, அவ்வளவே. பிரெஞ்சில் எதிர்மறையைக் குறிக்கும் இரு சொற்களில் முன்னது அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. ஒரு சொல்லின் ஈற்றில் ஒலிக்காத மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் ஒலிக்கத் தொடங்குகிறது. தமிழிலும் எழுத்துத் தமிழை மட்டும் கற்ற ஒருவருக்கு நம் வீட்டுப் பேச்சு எப்படி விளங்காமல் போகிறதோ, அதே நிலைதான் இது. எந்தெந்தச் சொற்கள் எப்படிக் குறுகுகின்றன என்பதை ஒரு பக்கத்தில் தொகுத்துவாருங்கள். முப்பது நாற்பது உருமாற்றங்கள் தெரிந்துவிட்டால், கேட்கும் திறன் சட்டென்று உயர்வதை உணரலாம்.

பொருள் தெரியாத சொற்களை இந்தக் கட்டத்தில்தான் அகராதியில் பார்க்க வேண்டும், அதற்கு முன் அல்ல. இலக்கணம் விளங்காத வாக்கியங்களையும் இப்போதே தேடித் தெளிந்துகொள்ளுங்கள். இந்தியில் செயப்படுபொருள் குன்றாத இறந்தகால வினை, எழுவாயின் பாலை விட்டுவிட்டுச் செயப்படுபொருளின் பாலை ஏற்றுக்கொள்வதைப் புத்தகத்தில் படிக்கும்போது பலருக்கும் தலை சுற்றும். அதே அமைப்பை ஒரு பாத்திரம் கோபத்தோடு மூன்று முறை பயன்படுத்திக் கேட்டபின் விதியைப் படித்தால், விதி அந்தக் குரலோடு சேர்ந்து நினைவில் தங்கிவிடுகிறது. மலையாளத்தில் வினைமுற்று இடத்துக்கும் பாலுக்கும் ஏற்ப மாறுவதில்லை. தமிழர்கள் தம்மையறியாமல் விகுதி சேர்த்துப் பேசும் பழக்கத்தைக் கண்டிப்பதற்கு, இலக்கண நூலைவிட நல்ல நடிகரின் குரலே வல்லமை மிக்கது.

பின்பு வாய்க்கு வேலை வருகிறது. வரிகளைப் பார்த்துக்கொண்டே பாத்திரத்தோடு சேர்ந்து, அவர் பேசி முடிக்கும்வரை காத்திராமல் அரை நொடி பின்னால் தொடர்ந்து பேசுங்கள். பொருளைவிடத் தாளத்தைப் பின்பற்றுவது இங்கே முக்கியம்: எந்த அசையில் குரல் அழுந்துகிறது, எங்கே மூச்சு விடுகிறார், கேள்வியில் குரல் எங்கே உயர்கிறது என்பவற்றை அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்கும் வசதி பெரும்பாலான தளங்களில் உண்டு. முக்கால் வேகத்துக்குக் கீழே இறங்க வேண்டாம், ஏனென்றால் அதற்கும் குறைந்தால் சொற்கள் ஒன்றோடொன்று இணையும் விதமே சிதைந்து, நாம் கற்க வேண்டியதே காணாமல் போய்விடும். பழகியபின் கைபேசியில் உங்கள் குரலைப் பதிவுசெய்து நடிகரின் குரலோடு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். தம் குரலைக் கேட்கப் பலருக்கும் கூச்சமாக இருக்கும். ஆனால் நாக்கு எங்கே தவறுகிறது என்பதைக் காட்ட வேறு எந்தக் கண்ணாடியும் இல்லை.

கடைசியாக, ஒரு பாத்திரத்தின் வசனங்களை நீங்கள் எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரத்தின் முறை வரும்போதெல்லாம் படத்தை நிறுத்தி, நினைவிலிருந்து நீங்களே பதில் சொல்லுங்கள். சொல்லுக்குச் சொல் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. பொருள் ஒத்து, பிழையின்றி, தடுமாறாமல் வந்தால் அந்தக் காட்சி உங்களுடையது.

குறிப்பேடும் மறதியும்

தனிச்சொற்களின் பட்டியல் எழுத வேண்டாம். முழு வாக்கியத்தை எழுதி, அதன் பக்கத்தில் யார் யாரிடம் எந்த மனநிலையில் சொன்னது என்பதை ஒரு வரியில் குறியுங்கள். 'மருமகள் மாமியாரிடம், கோபத்தை அடக்கிக்கொண்டு' என்று எழுதிவைத்த வாக்கியத்தை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பது என்றைக்கும் மறக்காது. கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் இந்தக் குறிப்பு கட்டாயம் வேண்டும். அங்கே வினைமுற்றின் வடிவமே கேட்பவரின் தகுதிக்கும் நெருக்கத்துக்கும் ஏற்ப மாறுகிறது. நண்பர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாக்கியத்தைக் கற்றுக்கொண்டு முன்பின் அறியாத பெரியவரிடம் சொன்னால், இலக்கணப்பிழை இல்லாமலேயே அவரைப் புண்படுத்திவிடுவோம். படங்களில் சச்சரவும் காதலும் மிகுதி என்பதால் இந்த ஆபத்தும் மிகுதி.

ஒரு காட்சியை முடித்ததும் அதை மூடிவைத்துவிட்டால் சில நாட்களில் பெரும்பகுதி மறந்துவிடும். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியை அளந்து, ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் முதற்கொண்டு இதைப் பற்றி உளவியலாளர்கள் தொடர்ந்து ஆராய்ந்துவந்திருக்கிறார்கள். கற்ற முதல் நாளிலேயே மறதி மிக விரைவாக நடக்கிறது. ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பதே நிலைக்கிறது. எனவே ஒவ்வொரு காட்சியையும் மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் ஒருமுறை கேளுங்கள். மூன்று நிமிடக் காட்சி என்பதால் இதற்கு அதிக நேரம் ஆகாது. ஒலியை மட்டும் கைபேசியில் வைத்துக்கொண்டு நடக்கும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ கேட்பது இன்னும் நல்லது, படத்தின் துணையில்லாமல் வெறும் குரல் புரிகிறதா என்பதற்கு அதுவே சோதனை.

பாடல்களைப் பற்றி ஒரு சொல். உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளவும் மனத்தில் ஒரு விருப்பத்தை வளர்க்கவும் அவை உதவும். ஆனால் மெட்டுக்காக உயிர்கள் நீளும், சொல்வரிசை மாறும், பேச்சில் வழங்காத சொற்கள் வரும். பேசக் கற்பதற்கு அவற்றை நம்ப வேண்டாம்.

படம் கற்றுத்தராதவை

திரைக்கதை எழுதுபவர் தேவையற்ற ஒவ்வொரு நொடியையும் வெட்டிவிடுவார். ஆகவே படங்களில் யாரும் 'சரியாகக் கேட்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்' என்பதில்லை. தொலைபேசியை வைக்கும்போது விடைபெறுவதில்லை. வழி கேட்பதும், நேரம் குறிப்பதும், எண்களைச் சொல்வதும், தெரியாத சொல்லுக்கு என்ன பொருள் என்று வினவுவதும் திரையில் அரிதாகவே நிகழ்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு நாள்தோறும் தேவைப்படுபவையோ இவைதாம். மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்பது, புரியவில்லை என்பது, இதை எப்படிச் சொல்வது என்று கேட்பது ஆகியவற்றுக்கான பத்துப் பதினைந்து வாக்கியங்களைத் தனியே கற்றுக்கொள்ளுங்கள்; எண்களையும் கிழமைகளையும் உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

படத்தில் கேட்டதை உங்கள் வாழ்க்கைக்குக் கொண்டுவரும் வேலையையும் நீங்களேதான் செய்ய வேண்டும். நாள்தோறும் உறங்கப் போகுமுன் அம்மொழியில் மூன்று வரி எழுதுங்கள். அன்றைக்குப் பார்த்த காட்சியில் அந்தப் பாத்திரம் செய்தது சரியா, நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள், அது யாரை நினைவுபடுத்தியது என்பவற்றை எழுதலாம். குறிப்பேட்டில் உள்ள வாக்கியங்களில் பெயரையும் காலத்தையும் மாற்றினாலே பல வரிகள் கிடைத்துவிடும். நம் சொந்த எண்ணத்தைச் சொல்வதற்காகத் தேடிக் கண்டெடுத்த சொல் எளிதில் மறப்பதில்லை. அம்மொழி பேசும் ஒருவரோடு வாரம் ஒருமுறையேனும் பேச வாய்ப்பிருந்தால், அந்தப் படத்தைப் பற்றியே பேச்சைத் தொடங்குங்கள். இருவருக்கும் பொதுவான ஒரு பொருள் கிடைத்துவிடும், உங்களுக்குத் தேவையான சொற்களும் ஏற்கெனவே கையில் இருக்கும்.

அடுத்த படம்

தேர்ந்தெடுத்த காட்சிகளை முடித்தபின் முழுப் படத்தையும் வரிகளே இல்லாமல் ஒருமுறை பாருங்கள். பயிற்சி செய்யாத காட்சிகளிலும் பாதிக்கு மேல் தடையின்றிப் புரிந்தால், நகைச்சுவைக்கு மற்றவர்களோடு ஒரே நேரத்தில் சிரிக்க முடிந்தால், அடுத்த படத்துக்குச் செல்லலாம். புரியவில்லை என்றால் இன்னும் நான்கு காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரம் எதுவும் இல்லை.

இரண்டாவது படத்தைத் தேர்வுசெய்யும்போது முற்றிலும் வேறான ஒன்றுக்குத் தாவ வேண்டாம். அதே வசனகர்த்தா எழுதிய, அல்லது அதே வட்டாரத்தில் நடக்கும், இயன்றால் அதே நடிகர் நடித்த படமாக இருக்கட்டும். ராட்ஜர்ஸும் வெப்பும் 2011ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வில், தொடர்பில்லாத நிகழ்ச்சிகளைவிட ஒரே தொலைக்காட்சித் தொடரின் பகுதிகளில் சொற்கள் அதிகமாகத் திரும்ப வருகின்றன என்று கண்டார்கள். ஒரே கைப்பட எழுதப்பட்ட வசனங்களிலும் அந்த நன்மையை எதிர்பார்க்கலாம். முதல் படத்துக்குப் பன்னிரண்டு காட்சிகள் தேவைப்பட்டிருந்தால், இரண்டாவதற்கு ஆறேழு காட்சிகளோடு தொடங்கி, தெரிந்த மொழியின் வரிகளை இம்முறை முதல் பார்வையிலும் தவிர்த்து, அம்மொழி வரிகளோடே நேரடியாகப் பாருங்கள்.